போகச் சொல்லும் வரி

மணி ஒன்று பதினைந்து. ராத்திரி இல்லை, பட்டப்பகல். ராத்திரிக் கதை கேட்க வந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உச்சிப் பொழுதில் தனியாகப் போகாதே என்று திருநெல்வேலிப் பக்கத்தில் சொல்லி வளர்ப்பது சும்மா இல்லை.

தாராவி, காலா கில்லா பக்கம், தோல் பட்டறைகள் இருக்கிற சந்து. அந்தச் சந்தை ஆள் இல்லாமல் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தள்ளுவண்டி, டெம்போ, தலையில் தோல் கட்டோடு "பாஜு, பாஜு" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிறவன்... தோள் இடிபடாமல் நடக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மட்டும் அத்தனை ஷட்டரும் இறங்கிவிடும். தையல் மெஷின்கள் நின்றுவிடும். ஒரு முக்கால் மணி நேரம், நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். பம்பாயில் அப்படி ஒரு தெருவா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். அந்த மெழுகுவத்திக்கு அடியில் மெழுகு சிந்தாமல் இருக்க ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்திருக்கிறீர்கள் பாருங்கள்... வேண்டாம், எடுக்க வேண்டாம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

இது நூர் நிஷாவின் சின்னம்மா மகள் ஷமீமா கண்ணால் கண்டது. நூர் நிஷா இதோ, என் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அவள் என் கையைக் கிள்ளட்டும்.

ஷமீமாவின் வாப்பா சலாவுதீனுக்கு அந்தச் சந்தில் ஒரு பட்டறை. பர்ஸ், பெல்ட், லேப்டாப் பை. தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிசாக்க வேண்டும்; அதற்கு அடியில் வழவழப்பான கல் பலகை வேண்டும். அவர்கள் பட்டறையில் இருந்தது வெள்ளைப் பளிங்கு. சலாவுதீனின் வாப்பா எந்தக் காலத்திலோ இடிபாட்டுச் சாமான் விற்கிறவனிடம் வாங்கிப் போட்டது. நாற்பது வருஷம் சீவிச் சீவி மேல்பக்கம் குழி விழுந்துவிட்டது. திருப்பிப் போட்டால் இன்னொரு நாற்பது வருஷம் ஓடுமே என்று நாலு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஷமீமா போனில் படம் எடுத்து ஜெபசெல்விக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். ஜெபசெல்வியின் அப்பா செல்லத்துரைக்கு இட்லி வியாபாரம். விடியுமுன்னே அவிக்கிற இட்லி, அடுக்குப் பாத்திரத்தில் சைக்கிள் ஏறி சயான், மாட்டுங்கா என்று போகும். அந்த வீட்டில் பிறந்து இந்தப் பெண் பிடித்துக்கொண்டது லத்தீன். அது எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, எப்படி மாறியது, அதுதான் அவள் படிப்பு. ஊர்ப்பட்ட கல்லில் இருப்பதை எல்லாம் வாசிக்கிறாள், வேதாகமத்தில் ஒரு வசனம் தமிழில் வாசிக்கத் தெரியவில்லை என்று அவள் அம்மா பார்க்கிறவரிடம் எல்லாம் புலம்புவாள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான பாஷையைப் படித்து என்ன கிடைக்கும் என்று ஷமீமாவும் கிண்டல் பண்ணியிருக்கிறாள். தேயவில்லை, சிதறிப் போனது என்பாள் ஜெபசெல்வி. ரோமாபுரிச் சிப்பாயும் வியாபாரியும் போன இடமெல்லாம் அதைப் பேசினார்கள். போன இடத்துப் பேச்சும் அதில் கலந்தது, நம் தாராவித் தமிழில் இந்தி கலந்த மாதிரி. ஒரு ஊரில் அது இத்தாலியன் ஆனது, ஒரு ஊரில் ஸ்பானிஷ், ஒரு ஊரில் பிரெஞ்சு. பழைய ரூபம் மட்டும் புத்தகத்திலும் கல்லிலும் நின்றுவிட்டது. எந்த வீட்டிலும் அம்மா அந்த பாஷையில் திட்டுவதில்லை, பிள்ளை அந்த பாஷையில் அழுவதில்லை. அதைத்தான் செத்த பாஷை என்கிறார்கள் என்பாள்.

இத்தாலியில் ஒரு யூனிவர்சிட்டி. முழுச் செலவும் அவர்களே கொடுக்கிற ஒரே ஒரு சீட். இரண்டு வருஷம் எழுதிப் போட்டும் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் பெண் கேட்டு வந்த திலக் நகர் பையன் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவேன் என்று செல்லத்துரை தீர்மானமாகச் சொல்லிவிட்டார். இதுவரை யாரும் படிக்காத ஒரு கல்லைப் பற்றி எழுதி, அதைச் சத்தமாக வாசித்த பதிவையும் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். படம் வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். அவள் போனிலேயே அழுதுவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை ஒன்று பதினைந்துக்கு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள். சத்தம் இல்லாத நேரம் அது ஒன்றுதானே. ஷமீமா பூட்டைத் திறந்து ஷட்டரைப் பாதி தூக்கினாள். உள்ளே தோல் வாடை, ஒட்டுகிற சொல்யூஷன் வாடை. கல் சுவரில் சாய்த்து நின்றது. கீழ் மூலை உடைந்து போயிருந்தது. பெயர் இருந்த இடத்தில் யாரோ உளியால் கொத்தியிருந்தார்கள்.

ஜெபசெல்வி தரையில் உட்கார்ந்து எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு ஷமீமாவுக்கு விளக்கினாள். அந்தக் காலத்து ரோமாபுரியில் செத்தவர்களை ஊருக்கு வெளியே சாலை ஓரத்தில் புதைப்பார்கள். கல்லில், வழியில் போகிறவரே நில்லும் என்று செத்தவரே பேசுகிற மாதிரி வெட்டி வைப்பார்கள். அந்தக் காலத்தில் வாசிப்பது என்றால் வாய்விட்டு வாசிப்பது. அப்போது செத்தவருக்குப் போகிறவருடைய குரல் கிடைக்கும். கடைசியில், சொல்லிவிட்டேன், இனி நீ போ என்று ஒரு வரி இருக்கும். "அபி" என்று ஒரே சொல். "போ" என்று அர்த்தம். இந்தக் கல் அவ்வளவு பழையது இல்லை, பம்பாய்க்கு வந்து செத்த வெள்ளைக்காரர் யாருக்கோ வெட்டினது, முந்நூறு வருஷம் இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய வழக்கப்படி வெட்டியிருக்கிறார்கள் என்றாள்.

"என்னட்டி எழுதியிருக்கு?" என்று ஷமீமா கேட்டாள்.

"நில்லு. எனக்கு வாய் இல்ல, உன் வாயக் குடு. இந்த ஊர்ல என் பாஷை பேச ஆள் இல்ல. அவ்வளவுதான் இருக்கு. போகச் சொல்ற வரி உடஞ்ச மூலையோட போயிட்டு."

போனை மேஜை மேல் வைத்துப் பதிவைப் போட்டாள். வெளியே பள்ளிவாசல் மைக்கில் பயான் பேச்சு முடிந்தது. தொழுகை தொடங்கி சந்து முழுக்க அடங்கியது. "சிஸ்தே, வியாதோர்..." என்று ஆரம்பித்தாள்.

நாலு வரிதான். ஆனால் ஷமீமாவுக்கு வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. முதலில் தோல் வாடை போனது. நாற்பது வருஷத்து வாடை, சுவரில் ஊறின வாடை... இல்லை. அந்த இடத்தில் ஈர மண், அணைத்த மெழுகுத் திரி. பிறகு ஜெபசெல்வி மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இன்னொரு மூச்சுச் சத்தம். ஷமீமா தன்னுடையது என்றே நினைத்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

வாசித்து முடித்ததும் ஜெபசெல்வி சந்தோஷமாக எழுந்து பையை மாட்டினாள். ஷட்டரைக் குனிந்து தாண்டும்போது வீட்டில் சொல்கிற பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "போயிட்டு வாரேன்."

ஷமீமாவுக்குச் சுருக்கென்றது. எங்கே கிளம்பினாலும் போகிறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலேயே நம் வாயில் பழக்கிவிடுகிறார்கள். அதைச் சொல்லக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். சாவு வீடு. அங்கே பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அதில் நம் ஆட்களுக்குள் இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்ற பேதம் கிடையாது.

"மவுத்து வீட்டுல சொல்லிக்கிட்டா வருவாங்க, பாகல், பைத்தியம்" என்று முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் போனை மேஜையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்தார்கள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் போட்டுக் கேட்டார்கள். வாசிப்பு நன்றாக வந்திருந்தது. பிறகு "போயிட்டு வாரேன்". ஷட்டர் இறங்குகிற சத்தம். பூட்டு. செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. அப்புறம் ஒன்றும் இல்லை... ஒன்றும் இல்லை... பூட்டின அறை. அணைக்கப் போன ஜெபசெல்வியின் விரல் நின்றுவிட்டது.

"சரி. போயிட்டு வா."

ஜெபசெல்வியின் குரல். ஷமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றவளுடைய அதே குரல்.

அழித்துவிடு என்று ஷமீமா மன்றாடினாள். கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மீதியை ஜெபசெல்வி சனிக்கிழமை அனுப்பிவிட்டாள். சீட்டு அவளுக்கு உயிர். குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் உப்பு கேட்க வாய் திறந்தாள். சொல் வரவில்லை. வெள்ளையாக, குழம்பில் போடுகிறது என்று கையைக் காட்டினாள். வீட்டில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு நடுவில் நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டு. திங்கட்கிழமை தமிழ் அடியோடு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ரிக்ஷாக்காரனிடம் இந்தி வரவில்லை. புதன்கிழமை இங்கிலீஷும் போனது. மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல லத்தீன் மட்டும்தான் இருந்தது. கனவில் உளறினாலும் லத்தீன். அம்மா ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு மகள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லு என்று கெஞ்சினாள். ஜெபசெல்வியின் உதடு அசைந்தது. வேறு ஏதோ வந்தது. சயானில் டாக்டர் படிப்பு டென்ஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஷமீமாவுக்கு மட்டும் விஷயம் விளங்கியது. வாயைக் கடனாகக் கொடுத்தால் அதில் இருக்கிற பேச்சும் கூடத்தானே போகும்?

வியாழக்கிழமை இத்தாலிக்காரர்கள் லேப்டாப்பில் வந்தார்கள். மூன்று பேர். இங்கிலீஷில் வணக்கம் சொன்னார்கள். இவள் லத்தீனில் பதில் சொன்னாள். அவர்களும் சிரித்துக்கொண்டே லத்தீனில் ஒன்று கேட்டார்கள். இவள் பேசினாள், கால் மணி நேரம், தடங்கல் இல்லாமல், குழாயடியில் பேசுகிற மாதிரி. ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். இவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர்கள் அதை சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரியே மெயில் வந்தது. சீட்டு அவளுக்குத்தான்.

அவள் அந்த மெயிலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போனில் எதையோ தட்டி, மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டு ஷமீமாவிடம் நீட்டினாள். திரையில் தமிழில் இருந்தது: வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு சாவி கொடு.

மறுபடி வெள்ளிக்கிழமை. ஒன்று பதினைந்து. வேண்டாம் என்று ஷமீமா எவ்வளவோ சொன்னாள். வாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், இந்தத் தடவை பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஜெபசெல்வி தெளிவாகத் தட்டிக் காட்டினாள். உள்ளே தனியாகப் போனாள். ஷட்டரை அவளே உள்ளேயிருந்து இறக்கினாள்.

ஷமீமா வெளியே நின்று காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஜெபசெல்வி வாசிப்பது கேட்டது. அதே நாலு வரி. மூன்றாவது வரியில் இன்னொருவரும் சேர்ந்து வாசித்தார்கள். இரண்டும் ஒரே குரல். ஷட்டருக்கு அடியிலிருந்து ஈர மண் வாடை வந்தது. பிறகு இரண்டு குரலும் நின்றன. தொழுகை முடிந்து சந்துக்குள் ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கேயோ ஒரு தையல் மெஷின் ஓடியது. ஷட்டர் மெதுவாக மேலே ஏறியது.

ஜெபசெல்வி வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் செய்துவிட்டாள் என்று ஷமீமாவுக்கு உயிர் வந்தது.

"பசிக்குதுட்டி" என்றாள் ஜெபசெல்வி.

அன்றைக்கு செல்லத்துரை வீட்டில் நடந்ததைச் சொல்லி முடியாது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணவில்லை. தெருவுக்கே கேசரி கிண்டினார்கள். இத்தாலி மெயிலைக் காட்டினபோது அதை எறும்பு ஊர்கிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். லத்தீன் ஒரு எழுத்து நினைவில்லை, எனக்கு வேண்டாம், திலக் நகர் பையன் வீட்டுக்குச் சரி என்று சொல்லுங்கள் என்றாள். பிழைத்ததே பெரிது, எந்த பாஷை எக்கேடு கெட்டால் என்ன என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சலாவுதீன் கல்லைப் பழையபடி எழுத்து கீழே வருகிற மாதிரி புரட்டிப் போட்டுவிட்டார். குழி விழுந்த பக்கத்திலேயே வேலை நடந்தது.

ஷமீமாவுக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெபசெல்வி வீட்டுக்கு வருவாள், டீ குடிப்பாள், நன்றாகப் பேசிச் சிரிப்பாள். கிளம்பும்போது பேசாமல் எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை இல்லை, எப்போதும். இவள் வாசல் வரைக்கும் போய் நிற்பாள், அவள் திரும்ப மாட்டாள். யார் வீட்டிலும் அப்படித்தான். சொந்த வீட்டிலும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா மறந்து வைத்துவிட்டுப் போன ஆர்டர் நோட்டை எடுக்க ஷமீமா பட்டறைக்குப் போனாள். ஒன்று இருபது. ஷட்டர் பூட்டியிருந்தது. சாவியைப் போடப் போனவள் கை அப்படியே நின்றது.

உள்ளே யாரோ பேசுகிறார்கள். தரைக்குப் பக்கத்திலிருந்து, கல்லுக்கு அடியில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி. லத்தீன். ஒன்றும் புரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் கேட்ட குரல்.

"ஜெபா?" என்றாள் ஷமீமா.

பேச்சு நின்றது. பிறகு மெதுவாக, புரியாத சொற்களுக்கு நடுவில் தன் பெயர் வந்தது.

"ஷமீமா... அபி? ... ஷமீமா, அபி?"

அந்த ஒரு சொல்தான் ஷமீமாவுக்குத் தெரியும். உடைந்த மூலையில் இருந்த சொல். கேட்கிற தோரணையில், குழந்தை கேட்கிற மாதிரி, திரும்பத் திரும்ப. போகவா? போகவா? யாராவது ஒருத்தர் போ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஷமீமா ஷட்டரில் நெற்றியை வைத்தாள். கண்ணீர் கொட்டியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"யார்ட்டட்டி பேசுத?"

முதுகுக்குப் பின்னால். ஜெபசெல்வி நின்றுகொண்டிருந்தாள். கையில் டிபன் டப்பா. நடந்து வந்த செருப்புச் சத்தம் கேட்கவே இல்லை. சிரித்துக்கொண்டே ஷமீமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வா, வீட்டுக்குப் போவோம், இட்லி கொண்டு வந்திருக்கிறேன் என்றாள். கை சில்லென்று இருந்தது. பளிங்கு தொட்டது போல என்றுதான் ஷமீமா சொன்னாள். உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

ஷமீமா சொல்லவில்லை. அந்தச் சொல்லை இன்று வரைக்கும் சொல்லவில்லை. சொல்லத் துணிந்தாலும் முடியாது. ஏன் என்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சரியாக ஒன்று பதினைந்துக்கு, ஜெபசெல்வி இட்லி டப்பாவோடு ஷமீமா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தொழுகை முடிந்து சந்தில் மெஷின் ஓடுகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பேசாமல் எழுந்து போகிறாள்.

அவ்வளவுதான் கதை. இப்போது அந்தப் பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பையன் நம் திலக் நகர்தான், மூன்றாவது பில்டிங். பெண் பெயரைப் படியுங்கள்... ஆமாம். நேற்று சாயங்காலம் அவளே வந்து கொடுத்தாள். இதோ, நூர் நிஷா இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். கல்யாணத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். கப்பைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நானும் நூர் நிஷாவும் வாசல் வரைக்கும் போய் நின்றோம். ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிப் போனாள்.

நூர் நிஷா என் கையைக் கிள்ளவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.